வீட்டு லோன் தவணை நாலு மாசமா கட்டேல்ல, வீடு ஏலத்துக்குப் போயிடுமோ?

கோண்டாவில் பெடியன்: காணி உறுதியை ஈடு வைச்சு 38 லட்சம் எடுத்து வீடு கட்டினன், கடை படுத்திட்டுது, நாலு மாசம் தவணை போகேல்ல. இப்ப வங்கியில இருந்து கடிதம் வந்திருக்கு. ஏலம் எண்டு கேட்டதில இருந்து அம்மா சாப்பிடுறதே இல்லை. என்ன செய்யலாம், ஆராவது சொல்லுங்கோ.

பழைய வங்கிக்காரன்: தம்பி, முதல்ல கடிதத்தை வடிவா வாசியும், நினைவூட்டல் வேற, ஏலத் தீர்மானம் வேற. இலங்கையில 1990ஆம் ஆண்டு 4ஆம் இலக்க வங்கிக் கடன் அறவீட்டுச் சட்டத்தில வங்கி கோட்டுக்குப் போகாமலே விக்கலாம், பராட்டே எண்டுறது அதைத்தான். ஆனா வட்டி சேராமல் எடுத்த கடன் தொகை 50 லட்சத்துக்குக் குறைவெண்டா அந்தச் சட்டத்தில அந்த வழி அவைக்கு இல்லை, வழக்குப் போட்டுத்தான் வரோணும். அதுக்காக வட்டி நிக்காது, ஒளிச்சுத் திரியாதையும்! மனேஜரிட்டப் போய்த் தவணையைக் குறைச்சு காலத்தை நீட்டச் சொல்லி எழுத்தில குடும், அந்தக் கடிதத்தின்ர ஒரு பிரதியில திகதி போட்டு ஒப்பம் வாங்கி வையும், வாயால கதைச்சது ஒண்டும் நிக்காது கண்டியளே.

கொக்குவில் அக்கா: எங்களுக்கும் உதே நிலைமைதான், வங்கி மறுமொழி தராமல் இழுத்தடிச்சா மத்திய வங்கியின்ர 1935 தொலைபேசி இலக்கத்துக்கு அடியுங்கோ. மீற்றர் வட்டிக்கு (நாள்கணக்கில ஏறுற கொள்ளை வட்டி) வாங்கி மட்டும் இதை அடைக்காதையுங்கோ, நான் பட்டது காணும்.

கோண்டாவில் பெடியன்: நன்றி அண்ணை, அக்கா. திங்கள் காலமை போறன்.