புதுப்பிப்பு: தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்துவிட்டது

இங்கிலாந்தில் இருக்கும் தங்கச்சி, டொக்டர் இல்லாமல் மருத்துவிச்சிகளே நடத்தும் தனிப் பிரசவ நிலையத்தில் இரண்டாவது பிள்ளையைப் பெறப் போகிறாள், பயப்பட வேண்டுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஞாயிறு விடியப்புறம் பெண்பிள்ளை. இருவரும் சுகம்.

இலங்கையில், ஒட்டுசுட்டானில் இருந்துகொண்டு நான்தான் அதிகம் பதறினேன். சிக்கல் இல்லாத தாய்மாரை மட்டுமே அங்கே எடுப்பார்களாம். 2011இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வில், இப்படியான நிலையங்களிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டவர்கள் முதல் பிள்ளைக்காரரில் 36 சதவீதம், முன்பே பெற்றவர்களில் 9 சதவீதம். அதை வாசித்த பிறகுதான் எனக்கு நித்திரை வந்தது.

முதுகில் போடும் மரப்பு ஊசி அங்கே இல்லை. வெந்நீர்த் தொட்டியில் இருந்தே நோவைத் தாங்கினாள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்டார்கள், முக்கும் நேரத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. மருத்துவிச்சி கடைசிவரை பக்கத்தைவிட்டு அசையவில்லையாம். "உன்னையும் மருத்துவிச்சிதானே பிடிச்சவ" என்றார் அம்மா.

அப்புறம், இங்கே வீட்டிலேயே பெறலாமா என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம் அம்மா. அங்கே பயிற்சி பெற்ற மருத்துவிச்சியும், கூப்பிட்டால் அம்புலன்ஸும், ஏற்க ஆஸ்பத்திரியும் ஏற்பாட்டோடு இருக்கின்றன. கிளினிக் கொப்பியோடு உங்கள் பகுதி அரச மருத்துவிச்சியான குடும்பநல உத்தியோகத்தரிடம் போய்ப் பேசுங்கள்.