புதுப்பிப்பு: அப்பாவின் தள்ளாட்டம்

சிஓபிடி என்ற நாள்பட்ட மூச்சடைப்பு நுரையீரல் நோய் உள்ள அப்பா வாய்க்கால் படித்துறையில் தடுமாறி விழுந்ததை எழுதி, காதுக் கோளாறாக இருக்குமோ என்று கேட்டிருந்தேன். காதில் ஒன்றுமில்லை. தஞ்சாவூரில் பிசியோதெரபிஸ்ட் விளக்கினார்: உடம்பை நிமிர்த்திப் பிடிக்கும் வயிற்று, முதுகுத் தசைகளே மூச்சுக்கும் உழைக்கின்றன. இரைப்பு கூடினால் உடம்பின் நிதானம், அதாவது சமநிலை, குறையும். தொடைத் தசையும் மெலிந்திருக்கிறது. இந்த நிதானத்தை அளக்கும், 56 மதிப்பெண்ணுக்கான பெர்க் சோதனையும் செய்தார்கள். ஒற்றைக்காலில் நிற்கத்தான் அப்பா ரொம்பச் சிரமப்பட்டார்.

இப்போது திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு காலுக்கு நேர் முன்னால் மறுகாலை வைத்து நிற்கிறார். நாற்காலியிலிருந்து எழும்போது உதட்டைக் குவித்து மெல்ல மூச்சை விடுகிறார். வெறும் நடைப்பயிற்சி போதாது, நிதானப் பயிற்சி தனியாக வேண்டும் என்பது எனக்குப் புதுசு. அப்புறம், கொல்லைக் குளியலறையில் கைப்பிடி போட்டாயிற்று. குறுவை அறுப்புத் தூசிக்குப் போகாதீங்கப்பா என்றால் மட்டும் கேட்கமாட்டேன் என்கிறார்.