எனக்கு நொடியில் திறக்கும் படம் மற்றவர்களுக்கு ஏன் வருவதே இல்லை? (பட ஹோஸ்டிங் வேகச் சோதனை)

எழுத்தாணி:
வணக்கம். கோயில் கல்வெட்டுகளைப் படமெடுத்து எழுதி வருகிறேன். பழைய இடம் நிரம்பிவிட்டதால் போன மாதம் புதிய பட ஹோஸ்டிங் தளம் ஒன்றுக்கு 1,100 படங்களை மாற்றினேன். மாற்றும் முன் சோதித்துத்தான் பார்த்தேன். ஒரே படத்தை ஏழெட்டு முறை திறந்தேன், சட்டென்று வந்தது. ஸ்பீட் டெஸ்டிலும் 40 எம்பிபிஎஸ் (நொடிக்கு 40 மெகாபிட்) காட்டியது.

இப்போது படிப்பவர்கள் படமே வரவில்லை என்கிறார்கள். பாதிப் பேர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மொபைல் டேட்டாவில் பார்ப்பவர்கள். நேற்று ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து நானே பார்த்தேன். கங்கைகொண்ட சோழபுரத்துக் கல்வெட்டு மேலிருந்து கீற்றுக் கீற்றாக இறங்கியது. மூன்றாவது வரி வருவதற்குள் போனைக் கீழே வைத்துவிட்டார். மனசு கேட்கவில்லை. தளம் மோசமா, என் சோதனை தப்பா?

கார்காலம்:
டிஎன்எஸ்ஸை மாற்றிப் பாருங்க. எனக்குச் சரியாச்சு.

வடம்பிடி:
டிஎன்எஸ் தளத்தின் முகவரியைத் தேடித் தருவதோடு சரி, படம் இறங்கும் வேகத்தை அது பெரும்பாலும் மாற்றாது.

ஐயா, சோதித்த முறையில்தான் பிசகு. ஒரே படத்தைத் திரும்பத் திறந்தால் அது உங்கள் பிரவுசர் கேஷிலிருந்தே (முன்பு பார்த்ததைச் சேமித்து வைக்கும் இடம்) வந்துவிடும். ஸ்பீட் டெஸ்ட் பெரும்பாலும் பக்கத்துச் சர்வரைப் பிடித்து அளக்கும். அதில் தெரிவது உங்கள் லைனின் வேகம். குரோமில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியில் ‘டிசேபிள் கேஷ்’ டிக் செய்யுங்கள். இதுவரை யாரும் பார்க்காத ஒரு படத்தை இரண்டு முறை திறந்து, டைமிங்கில் உள்ள கனெக்‌ஷன் நேரம், முதல் பைட்டுக்குக் காத்திருந்த நேரம், இறங்கிய நேரம் மூன்றையும் போடுங்கள். படத்தின் அளவும் வேண்டும்.

எழுத்தாணி:
அளவு 6.4 எம்பி. முதல் முறை கனெக்‌ஷன் 45 மில்லிசெகண்ட், காத்திருப்பு 1.9 செகண்ட், இறங்க 1.4 செகண்ட். இரண்டாம் முறை காத்திருப்பு வெறும் 60 மில்லிசெகண்ட். படத்தோடு வரும் ஹெடர் குறிப்பில் முதலில் ‘மிஸ்’ என்றும் பிறகு ‘ஹிட்’ என்றும் இருக்கிறது.

வடம்பிடி:
இப்போது பிடிபடுகிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சர்வர் அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருந்தால், அது இங்கிருந்து 13,000 கிலோமீட்டருக்கு மேல். ஒருமுறை போய்வரவே 130 மில்லிசெகண்டுக்குக் குறையாது. உங்களுக்குக் கனெக்‌ஷனே 45-இல் முடிகிறது என்றால் படங்களின் பிரதியை வைத்துக் கொடுக்கும் அந்தத் தளத்தின் கேஷ் சர்வர் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் படம் அதில் இல்லை (அதுதான் ‘மிஸ்’; இருந்தால் ‘ஹிட்’), மூலச் சர்வரிலிருந்து எடுத்துவர 1.9 செகண்ட். அடிக்கடி பார்க்கப்படும் படம் கேஷில் தங்கும். மாதம் பத்துப் பேர் பார்க்கும் கல்வெட்டைத் தூக்கிவிடுவார்கள். அதனால் உங்கள் வாசகர் ஒவ்வொருவருக்கும் அநேகமாக ‘மிஸ்’தான்.

அதைவிடப் பெரிய சிக்கல் அளவு. ஒரு பைட்டுக்கு எட்டு பிட், எனவே 6.4 எம்பி என்பது 51 மெகாபிட். ஆசிரியர் போனில் 4 எம்பிபிஎஸ் கிடைத்தாலும் 13 செகண்ட் ஆகும். எந்தத் தளத்துக்குப் போனாலும் இது மாறாது. 1600 பிக்சல் அகலத்தில் ஒரு பிரதி போட்டு, மூலப்படத்துக்குத் தனி இணைப்புக் கொடுங்கள்.

பட்டறை:
ஒன்று சேர்க்கிறேன். சுருக்கும்போது ஜேபெக் தரத்தை 85-க்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். எழுத்தின் ஓரத்தில் சின்னச் சின்னப் பிசிறு விழும். கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இடமாட்டார்கள், அந்தப் பிசிறைப் புள்ளி என்று படித்துவிட வாய்ப்புண்டு. சேமிக்கும்போது ‘ப்ரோக்ரஸிவ்’ தேர்ந்தெடுத்தால் கீற்றாக இறங்காமல் முழுப் படமும் மங்கலாக வந்து பிறகு தெளியும்.

எழுத்தாணி:
இருவருக்கும் நன்றி. 20 படங்களை மாற்றிவிட்டேன், சராசரி 380 கேபி. என் லைனில் பார்க்காமல் ஆசிரியர் போனிலேயே, கூட்டம் அதிகமுள்ள இரவு ஒன்பது மணிக்கு, அவர் அதுவரை திறக்காத ஐந்து படங்களைத் திறக்கச் சொன்னேன். எல்லாமே மூன்று செகண்டுக்குள் வந்தன. முதல் காத்திருப்பு இன்னும் இருக்கிறது, ஆனால் அவர் போனைக் கீழே வைக்கவில்லை. ஆறாம் வரியில் நான் தப்பாகப் படித்திருந்த ஓர் எழுத்தையும் காட்டித் தந்தார். திருத்திவிட்டேன்.