மாதம் ஒரு பெயர் வைக்கிறார்களாம்

நல்லூரடி:
ஆட்கள் தங்கள் பாலினத்துக்கும் ஈர்ப்புக்கும் வைத்துக்கொள்கிற பெயர்களைப் பற்றி முகநூலில் ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். நான்பைனரி என்றால் ஆண், பெண் என்ற இரண்டுக்குள் தங்களை அடக்காதவர்கள். அவர் சொல்வது: “குயர், ஏஸ், நான்பைனரி என்று மாதம் ஒரு பெயர் வைக்கிறார்கள். தமிழில் இதற்கெல்லாம் ஒரு சொல்லும் இருந்ததில்லை. எல்லாம் இறக்குமதி.” கீழே எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் வரிசையாக வந்து ‘சரியாகச் சொன்னீர்கள் ஐயா’ போடுகிறார்கள். ஆண்மை திரிந்து பெண்தன்மை கொண்டவரைக் குறிக்கிற ‘பேடி’ என்ற சொல் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. தமிழ் என்று மார்தட்டுகிற ஒருவராவது அதைப் புரட்டிப் பார்த்தாரா?

சுன்னாகத்தான்:
எந்த நூற்பா? எடுத்துப் போடும்.

நல்லூரடி:
சொல்லதிகாரம், கிளவியாக்கம். “ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி.” போதுமா?

சுன்னாகத்தான்:
இதில் ‘பேடி’ எங்கே? எழுத்துக் கூட்டி வாசித்துப் பாரும். அது உரைகாரர் தந்த எடுத்துக்காட்டு. சேனாவரையர் உரையை 1868இல் அச்சில் கொண்டுவந்தவர் சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை. அவர் பிறந்த மண்ணில் இருந்துகொண்டு மூலத்தையும் உரையையும் குழப்புகிறீர். வெட்கம்.

கொக்குவில் நிலா:
சொல் இருக்கிறதா இல்லையா என்று அடிபடுகிறீர்களே, அந்த நூற்பாக்கள் என்ன சொல்கின்றன என்று ஒருவரும் கேட்கவில்லை. நான்காவது நூற்பா ஆண்மை திரிந்தவர்களை உயர்திணையில் வைக்கிறது. அவர்களுக்கென்று தனி ஈறு இல்லை, உயர்திணை ஈறுகளையே கொள்வார்கள் என்கிறது. பன்னிரண்டாவது, அவர்களுக்கு ஆண்பால் ஈறு பொருந்தாது என்கிறது. ‘வந்தான்’ போடாதே என்று அர்த்தம். ஒருவரை அவன் என்பதா அவள் என்பதா என்ற கேள்வி அப்பவே இலக்கணத்துக்குள் வந்துவிட்டது. இதை இறக்குமதி என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

நல்லூரடி அண்ணை, உங்களிடமும் ஒன்று. ‘பேடி’யைப் பெருமையாகத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். என்னோடு படித்த ஒருத்தியை வகுப்பில் அந்தச் சொல்லால்தான் கூப்பிட்டார்கள். மேசையில் கொம்பாசால் கீறி வைத்தார்கள். அவள் அதன் மேல் கொப்பியை வைத்து மறைத்துக்கொண்டுதான் எழுதுவாள்.

நல்லூரடி:
தங்கச்சி, நான் உங்கள் பக்கம் நின்றுதானே கதைக்கிறேன்? நன்னூலிலும் ‘பேடு’ இருக்கிறது. பெண்மை விட்டு ஆண்மை அவாவுவது, ஆண்மை விட்டுப் பெண்மை அவாவுவது என்று இரண்டையும் பிரித்தே சொல்கிறது.

சுன்னாகத்தான்:
நன்னூல் வேறு, தொல்காப்பியம் வேறு. நீர் சொன்னது தொல்காப்பியம். அதில் அந்தச் சொல் இல்லை. இல்லை என்று ஒரு வரி எழுதும், நான் போய்விடுகிறேன்.

ரொறன்ரோ ராசன்:
போன மாசம் பனங்கட்டித் திரியிலும் இவர் இதே வேலைதான் பார்த்தார். ஒரு எழுத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் தொங்கினார். அது இருக்கட்டும். தமிழ்நாட்டு அரசு 2022இல் இதற்கெல்லாம் சொற்பட்டியல் போட்டு அரசிதழில் வெளியிட்டுவிட்டது. சென்னை உயர்நீதிமன்றம் சொல்லித்தான் போட்டார்கள். அதை எடுத்துப் பாவித்தால் பிரச்சினை முடிந்தது.

சுன்னாகத்தான்:
சென்னை அரசிதழ் யாழ்ப்பாணத்துக்கு எப்ப இருந்து செல்லும்? நீர் இருக்கிறது ரொறன்ரோவில். பனங்கட்டியைக் கண்டே இருபது வருசம் இருக்கும். பேசாமல் இரும்.

ரொறன்ரோ ராசன்:
இங்கே ஸ்காபரோ கடையில் உங்களிடம் கிடைப்பதை விட நல்ல பனங்கட்டி கிடைக்கிறது.

கொக்குவில் நிலா:
பனங்கட்டியை அந்தத் திரிக்கே கொண்டுபோங்கள்.

அரசிதழில் வருவதற்கு முன்பே ஆட்கள் தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். திருநங்கை, திருநம்பி எல்லாம் அந்தப் பட்டியலுக்கு முன்பே புழங்கின சொற்கள். இலங்கையில் ஆணாகப் பிறந்து பெண்தன்மையோடு வாழ்கிற, ‘நாச்சி’ என்று தங்களைச் சொல்லிக்கொள்கிற ஆட்கள் எந்தக் குழுவிடமும் அனுமதி கேட்கவில்லை. ‘குயர்’ என்பது ஒரு காலத்தில் ஆங்கிலக்காரன் காறித் துப்பிய வசவு. 1990இல் நியூயோர்க்கில் ஒரு கூட்டம் அதையே தங்கள் அமைப்பின் பெயராக்கித் தெருவில் இறங்கியது. வசவைப் பிடுங்கிப் பெயராக்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்று யோசியுங்கள்.

மாதம் ஒரு பெயர் என்று எரிச்சல்படுகிறார்கள். ஏன் வைக்கக்கூடாது? எங்கள் கூட்டத்தில் ஒருத்திக்கு யார் மேலும் உடல் ஈர்ப்பு வராது. அதற்கான ‘ஏசெக்சுவல்’ என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம்தான் ‘ஏஸ்’. அது காட்ஸிலும் இருப்பதால் உலகம் முழுக்க ஹார்ட்ஸ் ஏஸ், ஸ்பேட்ஸ் ஏஸ் என்று அடையாளமாகப் போட்டுக்கொள்கிறார்கள். இவள் அதை எங்கள் 304 காட்ஸ் ஆட்டத்துக்கு இழுத்துவிட்டாள். “நான் ஏஸ், எனக்குப் பதினொரு புள்ளி. ராசாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு. கலியாணப் பேச்சோடு வருகிறவர்கள் கணக்கைப் பார்த்துவிட்டு வாருங்கள்” என்பாள். கோயில் வீதியில் அவள் மாமிக்கே இதைச் சொல்லிவிட்டாள். மாமியும் சிரித்துவிட்டா. இதில் எந்த இறக்குமதி இருக்கிறது? இது எங்கள் ஊர் விளையாட்டு, எங்கள் ஊர்ப் பிள்ளையின் பேச்சு.

மானிப்பாய் மச்சான்:
304இல் ஏஸ் பெரிசில்லை. ஜாக் முப்பது, ஒன்பது இருபது. அதுக்குப் பிறகுதான் ஏஸ். விளையாடத் தெரியாமல் உவமை சொல்லக்கூடாது.

கொக்குவில் நிலா:
ராசாவையும் ராணியையும் விடப் பெரிது என்றுதான் சொன்னாள். சரியாக வாசியுங்கள்.

மானிப்பாய் மச்சான்:
பெரிசு என்றால் பெரிசு. ஒன்பதுக்குக் கீழே இருப்பது எப்படிப் பெரிசு?

நல்லூரடி:
மச்சான், இது காட்ஸ் திரி இல்லை. சுன்னாகத்தான், உமக்கும் சொல்கிறேன். உரைகாரர் எல்லாம் அந்த நூற்பாவுக்குப் பேடி என்றுதான் பொருள் கொண்டார்கள். அப்படியென்றால் சொல் இருக்கிறது.

சுன்னாகத்தான்:
பொருள் இருக்கிறது. சொல் இல்லை. இதைத்தான் முதலில் இருந்து சொல்கிறேன். தொல்காப்பியத்தின் கணேசையர் பதிப்பு வீட்டில் இருந்தால் திறந்து பாரும்.

கொக்குவில் நிலா:
பொருள் இருக்கிறது என்று உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. அப்புறம் அந்தப் பெரியவர் எழுதியதை ஏன் ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை?

சுன்னாகத்தான்:
நான் அவருக்கு வக்கீல் இல்லை. பிழையைப் பிழை என்றேன்.

கொக்குவில் நிலா:
இறக்குமதியைப் பற்றிக் கதைக்க வேண்டும் என்றால் இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையைக் கதையுங்கள். 1883இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. ஒரே பாலினத்தவரின் உறவைக் குற்றமாக்குவது அதில் வருகிற 365ஆம் பிரிவும் 365ஏயும்தான். 1995இல் திருத்தினபோது எடுத்துவிடுவார்கள் என்று பார்த்தால், அதுவரை ஆண்களுக்கு மட்டும் இருந்த 365ஏயைப் பெண்களுக்கும் சேர்த்துவிட்டார்கள். 2023இல் இதை மாற்றத் தனிநபர் சட்டமூலம் வந்தது. அந்தச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்று இலங்கை உயர்நீதிமன்றமே சொன்னது. வெள்ளைக்காரன் தந்த தண்டனையைக் கட்டிப்பிடித்து வைத்துக்கொண்டு, பிள்ளைகள் தங்களுக்கு வைக்கிற பெயரை இறக்குமதி என்கிறீர்கள். எனக்கு இதுதான் தாங்கவில்லை. ஒருவராவது இதற்குப் பதில் எழுதுங்கள்.

ரொறன்ரோ ராசன்:
நான் அப்பவே சொன்னேன், அரசிதழ்ப் பட்டியலை எடுத்தால் போதும் என்று.

சுன்னாகத்தான்:
தங்கச்சி, சட்டத்தைப் பிறகு பார்ப்போம். நல்லூரடி இன்னும் நூற்பாவைக் காட்டவில்லை.

நல்லூரடி:
காட்டியாயிற்று. உமக்குக் கண் தெரியாவிட்டால் நான் என்ன செய்ய?

மானிப்பாய் மச்சான்:
ஒன்பதுக்கு இருபது. யாரிடமும் கேட்டுப் பாருங்கள்.

கொக்குவில் நிலா:
365ஏ. நான் காத்துக்கொண்டிருக்கிறேன்.