புதுப்பிப்பு: தொடாமலே வந்த லிமிட் அலாரம்
என் சிஎன்சி (கணினி கட்டுப்பாட்டு) மில்லிங் மெஷினில் ஸ்பிண்டில், அதாவது கட்டரைச் சுழற்றும் மோட்டார், ஓடும்போது ஓரத்து லிமிட் சுவிட்ச் எதிலும் முட்டாமலே லிமிட் அலாரம் வந்து மில்லிங் பாதியில் நிற்கிறது என்று போன வாரம் எழுதியிருந்தேனே, சரியாகிவிட்டது. சுவிட்ச் வயர் ஸ்பிண்டில் கேபிளோடு ஒட்டியே போனதால் மின் இரைச்சல் அதில் ஏறியதுதான் காரணம். ஷீல்டு வயர் (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை உள்ளது) போட்டுத் தனியாகப் பிரித்தேன், அப்புறம் சுவிட்சை நார்மலி குளோஸ்டாக (தொடாதபோது சர்க்யூட் மூடியிருக்கும், தொட்டாலோ வயர் அறுந்தாலோ திறக்கும்) மாற்றி, மெஷினை ஓட்டும் கன்ட்ரோலர் மென்பொருளான ஜிஆர்பிஎல்லில் $5=1 (லிமிட் சிக்னலைத் தலைகீழாக்கும் செட்டிங்) கொடுத்தேன். முன்பு வயர் அறுந்திருந்தால் தெரியவே தெரியாது, மெஷின் நேராகப் போய் ஓரத்தில் மோதியிருக்கும்; இப்போது மெதுவாக நகரும்போது ஒரு வயரைக் கழற்றிப் பார்த்தேன், அந்த நொடியே நின்றது.

ஹோமிங்கில் (மெஷின் சுவிட்சுகளைத் தொட்டுத் தன் தொடக்க இடத்தைக் கண்டுபிடிப்பது) மேல்-கீழ் அச்சான இசட் முதலில் மேலே ஏறும் வரிசையை மட்டும் தயவுசெய்து மாற்றாதீர்கள், கட்டர் வைஸுக்குள் (பொருளைப் பிடிக்கும் பிடிப்பான்) இருக்கும்போது பக்கவாட்டு அச்சான எக்ஸ் நகர்ந்தால் கட்டர் போச்சு. ஓட்டத்தின் நடுவே அலாரம் வந்தால் வெறுமனே அலாரத்தை அன்லாக் செய்து தொடர வேண்டாம், மோட்டார் சில ஸ்டெப்களைத் தவறவிட்டு இடம் மாறியிருக்கலாம், மறுபடி ஹோம் செய்யுங்கள்.