லீவு விட்டால் மதியச் சாப்பாடு எங்கே? பார்த்ததைச் சொல்லுங்கள்

கரிசல்காட்டான்:
பள்ளிக்கூடம் மூடினால் சத்துணவும் நின்றுவிடும், இப்போது காலை உணவும் சேர்ந்து நிற்கிறது. விளாத்திகுளம் பக்கம் கரிமூட்டத்துக்கு, அதாவது விறகை மூட்டம் போட்டுக் கரியாக்கும் வேலைக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள், வீட்டில் பழைய சோறு இருக்கும், அது பத்து மணிக்கே காலி. அப்புறம் பெட்டிக்கடை முறுக்கும் கலரும்தான். 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் வந்தபோது அந்த அம்மாக்கள் பட்ட நிம்மதியைப் பக்கத்திலிருந்து பார்த்ததால்தான் மே மாதம் எனக்கு உறுத்துகிறது.

அங்கன்வாடிக்கு இவ்வளவு நீண்ட லீவு கிடையாது. அதனால் ஒரு காட்சியை வருஷா வருஷம் பார்க்கிறேன்: மூன்று வயதுத் தம்பியைக் கூட்டி வரும் நாலாம் வகுப்பு அக்கா, தம்பி சாப்பிட்டு முடிக்கிறவரை வாசலிலேயே நிற்கும். அது பள்ளிக்கூடத்துப் பிள்ளை, இங்கே பதிவேட்டில் பெயர் கிடையாது. ஆயாம்மா ஒன்றும் பேசாமல் இன்னொரு தட்டை எடுத்து வைத்துவிடுவார். எந்த அங்கன்வாடி என்று சொல்ல மாட்டேன்!

மாந்தோப்பு டீச்சர்:
நான் கர்நாடகத்தில் கோலார் மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை, வீட்டில் தமிழ். வறட்சிப் பகுதிகளில் கோடை லீவிலும் மதிய உணவு போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 மே மாதமே சொல்லியிருக்கிறது. 2024-ல் கர்நாடகத்தில் பெரும்பாலான தாலுகாக்கள் வறட்சிப் பட்டியலில் இருந்ததால் ஏப்ரல் 11 முதல் மே 28 வரை, ஞாயிறு நீங்கலாக 41 நாள் பிசியூட்டா (இங்கே பள்ளி மதிய உணவுக்கு அதுதான் பெயர்) போட்டார்கள். அரிசி வந்தது, பருப்பு வந்தது, சமையல்காரம்மாவும் வந்தார். பிள்ளைகள்தான் வரவில்லை. சீனிவாசபுரம் பக்கம் அது மாங்காய் பறிக்கிற சீசன், அப்பா அம்மாவோடு பிள்ளைகளும் தோப்பில் இருப்பார்கள். பாதிப் பேர் பாட்டி ஊருக்குப் போயிருந்தார்கள். சுற்றுப்பட்ட சின்னப் பள்ளிப் பிள்ளைகளும் எங்கள் பள்ளிக்கே வந்து சாப்பிட வேண்டும் என்று ஏற்பாடு, ஆனால் மொட்டை வெயிலில் ஆறு வயதுப் பிள்ளையை எந்தத் தாய் ரோட்டோரமாக நடக்க விடுவாள்? கடைசியில் "யாருக்கும் பசியில்லை, அதான் வரவில்லை" என்று ஒருவர் கூட்டத்தில் பேசினார் பாருங்கள், எனக்கு வந்த கோபம்.

லிங்கன் அம்மா:
டீச்சர், நீங்கள் சொல்வதை அப்படியே இங்கே அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்திலும் பார்த்தேன், வெயிலுக்குப் பதில் தூரம். மக்காச்சோளக் காட்டு நடுவே சின்னச் சின்ன ஊர்கள், கார் இல்லாமல் எதுவும் நடக்காது. முன்பெல்லாம் கோடைச் சாப்பாட்டைப் பிள்ளை அந்த இடத்திலேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும், வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்பதுதான் பொதுவான விதி. ஒரு வேளைச் சாண்ட்விச்சுக்காக யார் தினமும் பெட்ரோல் போட்டு வருவார்கள்? 2023 முதல் கிராமப் பகுதிகளுக்கு இதைத் தளர்த்திவிட்டார்கள், பல நாள் சாப்பாட்டைப் பெற்றோரே மொத்தமாக வாங்கிப் போகலாம். நான் உதவிக்குப் போன நூலக வாசலில் பால், பழம், ரொட்டி எல்லாம் பெட்டியில் அடுக்கி கார் டிக்கியில் வைத்துவிடுவோம், பக்கத்து வீட்டுக்காரர் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வருகிற பாட்டிகள் உண்டு. 2024-லிருந்து ஒரு பிள்ளைக்குக் கோடை முழுவதற்கும் சாப்பாட்டுச் சாமான் வாங்க 120 டாலர் கார்டும் தருகிறார்கள். முதலில் வேண்டாம் என்ற எங்கள் ஆளுநர் பிப்ரவரியில் மனம் மாறினார். பக்கத்து மாநிலமான அயோவா அந்த வருஷம் சேரவே இல்லை. மூன்று மாதத்துக்கு 120 என்பது பெரிய தொகை இல்லைதான், ஆனால் யாரும் எங்கும் போய் நிற்க வேண்டியதில்லை.

கணக்கு வாத்தியார்:
கையில் கொடுத்தால் பிள்ளை வயிற்றுக்குப் போகும் என்று என்ன நிச்சயம்? கூடத்தில் எல்லா சாதிப் பிள்ளையும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிடுவது சும்மா வந்ததில்லை, அதை விட்டுவிட்டு மூட்டையைத் தூக்கிக் கொடுப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை.

கரிசல்காட்டான்:
சார், 2020-ல் கொரோனாவுக்குப் பள்ளி மூடியபோது சத்துணவுப் பிள்ளைகளுக்கு அரிசி, பருப்பு, முட்டை எல்லாம் வீட்டுக்குத்தானே கொடுத்தார்கள். அரிசி பொதுப் பானைக்குப் போனது, மறுக்கவில்லை. முட்டை மட்டும் எங்கள் தெருவில் பிள்ளைக்கு என்றே தனியாக இருந்தது, அதற்குச் சண்டை போட்ட பிள்ளைகளையும் பார்த்தேன்.

மாந்தோப்பு டீச்சர்:
வரிசையில் உட்காருவது வேண்டும் சார், நானும் அந்தக் கட்சிதான். ஆனால் தோப்பிலிருந்து பிள்ளைகள் திரும்ப மதியம் இரண்டாகிவிடும், எங்கள் சாப்பாட்டு நேரம் பன்னிரண்டரை. கடைசி வாரங்களில் கூடத்தை இரண்டரை வரை திறந்து வைத்தோம், கொஞ்சம் பேர் கூடினார்கள். அந்தக் கூடுதல் நேரத்துக்குச் சமையல்காரம்மாவுக்குச் சம்பளம் கேட்டு எங்கே எழுத வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.