இடிமேகத்துக்குள் சிக்கிய செஸ்னா: தவறு யாருடையது?

வான்மதி:
அமெரிக்கச் சோதனை விமானி ஸ்காட் கிராஸ்ஃபீல்டின் விபத்தைப் பற்றி மறுபடி படித்தேன், மனசு ஆறவில்லை. 1953-ல் ஒலியின் இரண்டு மடங்கு வேகத்தை முதன்முதலில் தொட்டவர். 2006 ஏப்ரல் 19 அன்று, 84 வயதில், அலபாமாவிலிருந்து வர்ஜீனியாவுக்குத் தன் செஸ்னா 210 என்ற சிறிய விமானத்தில் தனியாகக் கிளம்பினார். வடக்கு ஜார்ஜியா மலைப்பகுதியில் இடிமேகத்தில் மாட்டி, விமானம் வானத்திலேயே உடைந்தது. வழியில் மோசமான வானிலை இருப்பதைச் சொல்ல வேண்டியது தரையிலிருந்து வழிகாட்டும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் கடமை. சொல்லவில்லை. என்னைப் பொறுத்தவரை முதல் குற்றம் அங்கேதான்.

ரன்வே ராஜா:
விசாரணை அறிக்கை அப்படிச் சொல்லவில்லையே. வழியிலுள்ள வானிலையை விமானி புதிதாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை என்பதைத்தான் முதலில் வைக்கிறது. கட்டுப்பாட்டாளரின் தவறு அதற்கு அடுத்தது. போவதா திரும்புவதா என்ற முடிவு விமானி கையில்தான் இருக்கிறது.

வான்மதி:
வரிசையில் இரண்டாவதாக வந்தால் தவறு சின்னதாகிவிடுமா? தெற்கே விலக வேண்டும் என்று அவரே கேட்டார், அனுமதியும் கிடைத்தது. அதற்குள் நேரம் கடந்துவிட்டது. முன்னாடியே ஒரு வார்த்தை வந்திருந்தால்?

நீலவானம்:
அது 2006. இப்போது மடியிலேயே டேப்லெட்டில் ராடார் படம் வருகிறது. இடிமேகத்தைக் காட்டும் இரண்டு சிவப்புத் திட்டுக்கு நடுவே இடைவெளி பார்த்துப் போய்விடலாம். யாரையும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

பழைய பறவை:
தம்பி நீலவானம், இந்தப் பேச்சுதான் எனக்குப் பயம். அந்தப் படம் பல ராடார்களின் தரவை ஒட்டிச் செய்தது. திரையில் காட்டும் நிமிடக்கணக்கு, ஒட்டி முடித்த நேரத்திலிருந்து எண்ணுவது. உள்ளே இருக்கும் தரவு அதைவிட 15, 20 நிமிடம்கூடப் பழசாக இருக்கலாம் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-லேயே எச்சரித்தது. வளரும் இடிமேகத்துக்கு அது ரொம்ப நேரம். நீங்கள் பார்க்கும் இடைவெளி இந்நேரம் மூடியிருக்கும். கடுமையான இடிமேகத்திலிருந்து 20 மைலாவது தள்ளிப் போகச் சொல்வது அதனால்தான்.

ஒரு முறை மேகத்துக்குள்கூட இல்லை, பக்கத்தில்தான் போனேன். தொடையில் கட்டியிருந்த பலகையிலிருந்து பென்சில் எழும்பி என் கண்ணுக்கு நேரே நின்றது. அடுத்த நொடி ஹெட்செட் கூரையில் இடித்தது. எஞ்சினைக் குறைத்தும் விமானம் மேலேயே ஏறியது.

நீலவானம்:
அப்போது என்ன செய்தீர்கள் அண்ணே?

பழைய பறவை:
உயரத்தைப் பிடிக்கப் போராடவில்லை. இறக்கையை மட்டமாக வைத்து, வேகத்தை மனூவரிங் ஸ்பீடுக்குக் கீழே கொண்டுவந்தேன். அந்த வேகத்துக்கு மேல் போனால், திடீரென மேலே தள்ளும் காற்றில் இறக்கை ஸ்டால் ஆகி, அதாவது தூக்கும் விசையை இழந்து, பாரத்தை விடுவதற்கு முன்பே முறியலாம். இன்னொன்று, விமானம் லேசாக இருந்தால் அந்த வேகமும் குறையும். தனியாளாகப் பறக்கிறவர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

ரன்வே ராஜா:
இதைத்தான் நானும் சொல்கிறேன். உள்ளே போனபிறகு கட்டுப்பாட்டாளர் எதுவும் செய்ய முடியாது.

வான்மதி:
உள்ளே போகும் முன் செய்ய முடியும், ராஜா. அதை மட்டும் நான் விடமாட்டேன்.

நீலவானம்:
சனிக்கிழமை மதியம் ஃபுளோரிடாவைக் குறுக்கே தாண்டுவதாக இருந்தேன். வெயில் ஏறி மேகம் திரள்வதற்குள் போய்ச் சேர, காலை ஆறு மணிக்கு மாற்றிவிட்டேன். கிளம்பும் முன்னும் வழியிலும் வானிலையை வாய்விட்டே கேட்கிறேன்.